பழைய டயர் ஏன் விழாமல் ஓடுகிறது?

சைக்கிள் கடை ஓரத்தில் கிடக்கும் தேய்ந்த டயருக்குப் பெரிய விலை ஏதும் இல்லை. ஓலைக் கூரையோ தார்ப்பாயோ காற்றில் பறக்காமல் இருக்க மேலே தூக்கிப் போடுவார்கள். மிச்சத்தைப் பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போவார்கள். ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு, டயரை நிமிர்த்தி ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பின்னாலேயே ஓடினால் வண்டி தயார். புதுக்கோட்டை மாவட்டத்தில் அதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. செம்மண் பாதைகள் இருக்கின்றன. கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாயின் உள்வாய் மைதானம்போல விரிந்து கிடக்கும்.

கையை விட்டால் விழுந்துவிடுகிற டயர், ஓடினால் விழுவதில்லை. எல்லோரும் பார்த்திருக்கும் காட்சிதான். ஏன் என்று கேட்டால் படித்தவர்களும் கொஞ்சம் தடுமாறுவார்கள். சுழற்சி பற்றிய பாடம் பிளஸ் 1 இயற்பியலில் வருகிறது. அந்த வயதில் பிள்ளைகள் டயரை மறந்திருப்பார்கள். டயர் ஓட்டுகிற வயதிலோ அந்தப் பாடம் இல்லை. இரண்டையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. புதுக்கோட்டைக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு வேறு மாவட்டங்களில் பார்க்க முடியாதது. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்பதோடு சைக்கிள் ஓட்டக் கற்பதும் பெண்களுக்கான பாடமாயிற்று. வயல் வேலைக்காரர்கள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராம செவிலியர், பால்வாடி ஆசிரியைகள் எனப் பல ஆயிரம் பேர் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளிலேயே ஏறிப் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தியில் மொழிபெயர்க்கப்பட்டு, மத்தியப் பாடத்திட்டத்தின் எட்டாம் வகுப்புப் புத்தகத்துக்குள்ளும் போயிற்று. பிறகு அரசின் விலையில்லா மிதிவண்டிகளும் வந்து சேர்ந்தன. சைக்கிள் பெருகினால் தேய்ந்த டயரும் பெருகும். டயர் ஓட்டுவது நெடுங்காலம் பையன்களின் ஆட்டமாகவே இருந்தது. சைக்கிள் ஓட்டிய அம்மாக்களின் மகள்களைப் பார்த்து "உனக்கு எதற்கு டயர்?" என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

இனி டயருக்கு வருவோம்.

ஓடும் டயரும் சாயத்தான் செய்கிறது. ஆனால் விழுவதற்குள் திரும்பிவிடுகிறது. இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கமே வளைந்து ஓடும். வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம். நேராக ஓடுவதுபோலத் தெரிகிற டயரின் தடத்தை மணலில் உற்றுப் பார்த்தால், அது நூல் பிடித்த கோடாக இருக்காது. இப்படியும் அப்படியும் மெல்ல நெளிந்திருக்கும். அத்தனை நெளிவும் டயர் விழப் பார்த்துத் தப்பித்துக்கொண்ட இடங்கள்.

சாய்வு எப்படித் திருப்பமாக மாறுகிறது? டயரின் உச்சியில் இருக்கும் ஒரு சிறு ரப்பர்ப் பகுதியை மட்டும் கவனியுங்கள். டயர் இடப்பக்கம் சாயும்போது அந்தப் பகுதி இடப்பக்கமாகத் தள்ளப்படுகிறது. ஆனால் அது உச்சியிலேயே நிற்பதில்லை. கால் சுற்று சுழன்று டயரின் முன்பக்கத்துக்கு வந்துவிடுகிறது. வாங்கிய இடப்பக்கத் தள்ளலையும் கூடவே கொண்டுவருகிறது. அதே நேரத்தில் அடியில் இருந்த பகுதி, எதிர்ப்பக்கத் தள்ளலை வாங்கிக்கொண்டு பின்பக்கத்துக்கு ஏறுகிறது. முன்பக்கம் இடது, பின்பக்கம் வலது என்று போனால் டயர் இடப்பக்கம் திரும்பிவிட்டது என்று பொருள். திரும்பியதும் இன்னொன்று நடக்கிறது. பேருந்து வளைவில் திரும்பும்போது உள்ளே நிற்கிற நாம் வெளிப்பக்கமாகச் சாய்கிறோம் அல்லவா, அதுபோல டயரின் மேற்பகுதியும் வளைவின் வெளிப்பக்கம் சாயப் பார்க்கிறது. உள்ளே சாய்ந்திருந்த டயர் வெளியே சாயப் பார்த்தால் நிமிர்ந்துவிடும். சாய்வுதான் திருப்பத்தைக் கொண்டுவருகிறது. அந்தத் திருப்பமே சாய்வைத் தீர்த்தும் வைக்கிறது. சுழலும் பொருளின் கோண உந்தம் செய்கிற வேலை இது. விமானத்திலும் விண்கலத்திலும் திசை காட்டும் கைரோஸ்கோப்புக்கு அடிப்படையும் இந்தக் கோண உந்தம்தான்.

எந்த வேகத்துக்கு மேல் போனால் இந்த வித்தை பலிக்கும்? மெல்லிய வளையத்துக்கு இயற்பியலில் ஒரு கணக்கு உண்டு. புவியீர்ப்பு முடுக்கத்தையும் வளையத்தின் ஆரத்தையும் பெருக்கி நான்கால் வகுக்க வேண்டும். வேகத்தின் வர்க்கம் அதைவிட அதிகமாக இருந்தால் வளையம் நிமிர்ந்தபடி ஓடும். பழைய 28 அங்குலச் சைக்கிள் டயரின் ஆரம் சுமார் 35 செ.மீ. புவியீர்ப்பு முடுக்கம் 9.8. போட்டுப் பார்த்தால் வேகம் நொடிக்கு 0.93 மீட்டர், அதாவது மணிக்கு 3.3 கிலோமீட்டர் அளவில் வருகிறது. வயதானவர் நிதானமாக நடக்கிற வேகம். அதனால்தான் டயர் ஓட்டுகிற பிள்ளைகள் யாரும் நடப்பதில்லை. நடந்தால் டயர் தள்ளாடும் என்பது அவர்கள் காலுக்குத் தெரியும். எடைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் சைக்கிளிலிருந்து கழற்றிய, 20 செ.மீ. ஆரமுள்ள டயருக்கு நொடிக்கு 0.7 மீட்டரே போதும். அப்படியானால் சின்ன டயர்தான் நல்லதா? தாள் அப்படிச் சொல்கிறது, தரை வேறு சொல்கிறது. கண்மாய்க்குள் மாட்டுக் குளம்புக் குழிகள் இருக்கின்றன. சின்ன டயர் குழியில் இறங்கி மாட்டிக்கொள்ளும். பெரிய டயர் குழியின் மேலேயே தாண்டிப் போய்விடும். மாட்டுவண்டிச் சக்கரத்தை அத்தனை பெரிதாகச் செய்ததற்கும் இது ஒரு காரணம்.

குச்சியின் வேலையும் சும்மா இல்லை. வேகம் குறையும்போது பின்னாலிருந்து தட்டுவது பாதி வேலைதான். திருப்ப வேண்டுமென்றால் பிள்ளைகள் டயரின் முன்பக்கத்தைப் பிடித்துத் திருப்புவதில்லை. உச்சியை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் லேசாகச் சாய்க்கிறார்கள். சாய்த்தால் திரும்பும் என்ற மேற்படிச் சூத்திரத்தை யாரும் சொல்லித்தராமலே பயன்படுத்துகிறார்கள்.

டயரின் விளிம்பில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். தரையைத் தொடும் கணத்தில் அந்தப் பொட்டு அசையாமல் நிற்கும். உச்சிக்கு வரும்போது டயரின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பாயும். பிள்ளை மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், டயரின் தலை பதினாறில் ஓடுகிறது, அடி பூஜ்யத்தில் நிற்கிறது. சுவரை ஒட்டி உருட்டிக்கொண்டே பொட்டு இருக்கும் இடத்தையெல்லாம் சுவரில் குறித்து வந்தால் வரிசையாக வில்வளைவுகள் கிடைக்கும். இந்த வளைகோட்டுக்குப் பெயர் வைத்தவர் கலிலியோ. ஒரு வளைவுக்குக் கீழே உள்ள பரப்பு எவ்வளவு என்று கணக்குப் போட வழி தெரியாமல், அந்த வடிவத்தையும் சக்கரத்தின் வட்டத்தையும் தகட்டில் வெட்டி எடை போட்டுப் பார்த்தார். ஏறத்தாழ மூன்று மடங்கு வந்தது. சரியாக மூன்று மடங்கு என்று பின்னால் வந்த கணித அறிஞர்கள் நிறுவினார்கள். தகரத்தை வெட்டித் தராசில் வைத்துக் கணிதம் பார்த்த அந்த மனிதர், நம் ஊர் டயர்ப் பிள்ளைகளுக்குத் தூரத்துச் சொந்தம்.

வளையம் உருட்டுவது உலகம் முழுக்க உண்டு. பழைய கிரேக்க மண்பாண்ட ஓவியங்களில் வளையம் உருட்டும் இளைஞனைக் காணலாம். பீட்டர் புரூகல் 1560இல் வரைந்த 'குழந்தைகளின் விளையாட்டுகள்' ஓவியத்திலும் வளையம் உருட்டுகிற சிறுவர்கள் இருக்கிறார்கள். அங்கே அது மரப்பீப்பாயின் வளையம். இங்கே சைக்கிள் டயர். எந்த ஊரில் எது வீணாகிறதோ அது உருண்டிருக்கிறது.

சித்திரையில் நுங்கு வந்துவிட்டால் டயருக்குப் போட்டி வந்துவிடும். கண்ணில் விரலை விட்டு நுங்கை நோண்டித் தின்றபின், ஒரே அளவுள்ள இரண்டு காய்களைத் தேர்ந்தெடுத்து, இரு முனையும் சீவிய குச்சியின் இரண்டு பக்கத்திலும் குத்தி நிறுத்துவார்கள். கவட்டை உள்ள நீண்ட கம்பு ஒன்றை அந்தக் குச்சியின் மேல் வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. டயரைப் போல இது விழுமோ என்ற பயம் இல்லை. இரண்டு சக்கரமும் அச்சும் சேர்ந்தே நிற்கும். ஆனால் இதற்கு வேறொரு குணம் உண்டு. ஒரு காய் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் வண்டி நேராகப் போகவே போகாது. சிறிய காய் இருக்கும் பக்கமாக வளைந்துகொண்டே இருக்கும். காரணம் எளிது. இரண்டும் ஒரே அச்சில் குத்தப்பட்டிருப்பதால் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்ற முடியும். ஒரு சுற்றில் பெரிய காய் அதிக தூரம் போகிறது, சிறிய காய் குறைந்த தூரம் போகிறது. பெரியது முந்தினால் வண்டி சிறியதன் பக்கம் திரும்பித்தானே ஆக வேண்டும்?

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக மானாமதுரைக்குப் போகும் ரயிலும் இந்தக் கோணல் வண்டியின் தந்திரத்தில்தான் வளைவுகளைக் கடக்கிறது. ரயில் பெட்டியில் எதிரெதிரே இருக்கும் இரண்டு சக்கரங்களும் நுங்கு வண்டிபோலவே ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. தனித்தனியாகச் சுழல முடியாது. ஆனால் வளைவில் வெளித் தண்டவாளம் நீளம், உள் தண்டவாளம் குட்டை. ஒரே எண்ணிக்கையில் சுற்றுகிற இரண்டு சக்கரங்கள் வெவ்வேறு தூரம் போவது எப்படி? சக்கரத்தின் விளிம்பு தட்டையாக இல்லை. உட்பக்கம் பெரிதாகவும் வெளிப்பக்கம் சிறிதாகவும், 20க்கு 1 என்ற சரிவில் கூம்புபோலக் கடைந்திருப்பார்கள். வளைவில் பெட்டி கொஞ்சம் வெளிப்பக்கம் ஒதுங்கும்போது, வெளிச் சக்கரம் தன் பெரிய சுற்றளவில் உருள்கிறது; உள் சக்கரம் தன் சிறிய சுற்றளவில் உருள்கிறது. பெரிய காயும் சின்னக் காயும் கிடைத்துவிட்டன, வண்டி தானாகத் திரும்புகிறது. நேர்ப்பாதைக்கு வந்ததும் பெட்டி நடுவுக்கு வந்துவிடும், இரண்டு காயும் சமமாகிவிடும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற விளிம்புப் பட்டைதான் ரயிலைத் திருப்புகிறது என்று பலரும் நினைக்கிறோம். பெரும்பாலான வளைவுகளில் அது ஒரு பாதுகாப்புக்கு மட்டும்தான்.

இங்கேதான் எனக்கு ஒரு கட்சி இருக்கிறது. கடையில் வாங்குகிற பிளாஸ்டிக் காரில் நான்கு சக்கரமும் இயந்திரத்தில் வார்த்தவை; ஒன்று சின்னதாகிப்போக வாய்ப்பில்லை. அதனால் சக்கரத்தின் அளவு முக்கியம் என்பது அதை உருட்டுகிற குழந்தைக்குத் தெரியவும் வாய்ப்பில்லை. நுங்கு வண்டி கோணலாகப் போகும். ஏன் போகிறது என்று கண்டுபிடித்து, சரியான காயைத் தேடி மாற்றினால்தான் பந்தயத்தில் ஜெயிக்கலாம். வீட்டில் செய்த பொம்மையின் பெருமை அது மலிவு என்பதில் இல்லை, அது தப்பும் தவறுமாக ஓடுவதில்தான் இருக்கிறது. நுங்கு வண்டிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: பழசாகிவிட்டால் மாட்டுக்குப் போடலாம். குப்பையே மிஞ்சாது.

கண்மாய்க் கரைச் சரிவில் நடத்தக்கூடிய இன்னொரு பந்தயம் அவ்வளவு பிரபலமில்லை. ஆனால் அறிவியலுக்கு இதைவிடச் சுவையான விளையாட்டு குறைவு. ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மணலைக் குலுக்கிக் குலுக்கி இறுக நிரப்புங்கள். மற்றதில் தண்ணீரை விளிம்புவரை ஊற்றி மூடுங்கள். ஒரு பலகையைச் சாய்த்து வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் உருட்டிவிடுங்கள். பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கனமான மணல் புட்டிமேல்தான் பந்தயம் கட்டுவார்கள். ஜெயிப்பது தண்ணீர்.

கீழே வருகிற எந்தப் பொருளும் உயரத்திலிருந்து கிடைக்கிற ஆற்றலை இரண்டு செலவுக்குப் பிரித்துக்கொள்ள வேண்டும்: முன்னே நகர ஒரு பங்கு, தன்னைத்தானே சுழற்றிக்கொள்ள ஒரு பங்கு. இறுக்கிய மணல் புட்டியோடு சேர்ந்து முழுதாகச் சுழல வேண்டியிருக்கிறது. ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சுழற்சிக்கே போய்விடும். தண்ணீர்ப் புட்டியில் சுழல்வது மெல்லிய பிளாஸ்டிக் தோல் மட்டும்தான். உள்ளே தண்ணீர் ஏறக்குறையச் சுழலாமலேயே வழுக்கிக்கொண்டு கீழே வருகிறது, அதனால் ஆற்றல் பெரும்பாலும் வேகமாகிறது. கணக்குப்படி, தண்ணீர் பத்தடி முடிக்கும்போது மணல் ஏழடியைக்கூட எட்டியிருக்காது. பக்கத்தில் நம் டயரையும் விட்டால் அது ஐந்தடியில்தான் இருக்கும். டயரின் எடை முழுவதும் விளிம்பில் இருப்பதால் சுழற்சிக்குச் சரிபாதி கொடுக்க வேண்டியிருக்கிறது. எடை எத்தனை கிலோ என்பதைவிட, அது சுழல்கிறதா, சுழன்றால் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே இந்தப் பந்தயத்தைத் தீர்மானிக்கிறது. சமையலறையில் அவித்த முட்டையையும் பச்சை முட்டையையும் சுற்றிவிட்டு இனம் கண்டுபிடிக்கிறார்களே, அதுவும் உள்ளே இருக்கும் திரவம் கூடவே சுழலாத இதே சங்கதி. மணலைப் பாதி மட்டும் நிரப்பி உருட்டிப் பாருங்கள். புட்டி கொஞ்ச தூரம் போய்த் திணறி நின்றுவிடும். மணல் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து உரசி, வேகத்தையெல்லாம் வெப்பமாக்கித் தின்றுவிடுகிறது.

சுழற்சியில் உச்ச வேகம் சோடா மூடிக்குத்தான். மூடியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, நடுவில் அருகருகே இரண்டு துளை போட்டு, நூலைக் கோத்து முடிச்சுப் போட்டு, இரு கையிலும் மாட்டி முறுக்கி இழுத்தால் 'விர்ர்' என்று சத்தத்தோடு சுழலும். இழுக்கும்போது முறுக்கு அவிழ்கிறது. மூடி தன் வேகத்திலேயே நூலை எதிர்ப்பக்கம் மறுபடி முறுக்கிவிடுகிறது. நீங்கள் மீண்டும் இழுக்கிறீர்கள். கை போவதும் வருவதுமாக இருக்க, மூடி சுற்றுகிறது. ஓரம் கையைக் கிழிக்கும் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு மூடி வேண்டாம். பழைய ரப்பர் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிய துண்டோ கெட்டி அட்டையோ போதும்.

இந்த மூடி உலக அறிவியல் ஏடு ஒன்றில் ஏறிய கதை 2017இல் நடந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் சாத் பம்லாவும் மின்சாரம் இல்லாத ஊர்களில் ரத்தப் பரிசோதனை செய்ய வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தைப் பிரிக்க அதை மிக வேகமாகச் சுழற்ற வேண்டும். பரிசோதனைக் கூடங்களில் அதற்கென இருக்கும் இயந்திரம் விலை அதிகம், மின்சாரமும் வேண்டும். பல பொம்மைகளைச் சோதித்துப் பார்த்துவிட்டு அவர்கள் வந்து சேர்ந்தது நூலில் சுழலும் இந்த விளையாட்டுக்குத்தான். காகித அட்டை, நூல், கைப்பிடிக்கு இரண்டு துண்டு. எடை இரண்டு கிராம், செலவு 20 அமெரிக்க சென்ட். நிமிடத்துக்கு 1,25,000 சுற்று, அதாவது நொடிக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் சுழன்றது. ஒன்றரை நிமிடத்துக்குள் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்தது; பதினைந்து நிமிடத்தில் மலேரியாக் கிருமிகளைப் பிரித்தெடுக்க முடிந்தது. அவ்வளவு வேகம் எப்படி வருகிறது? நூல் ஒருமுறை முறுகியபின், அந்த முறுக்கே திரும்பவும் சுருண்டு சுருண்டு முறுகுகிறது. மூடி சுற்றுகிற எந்தப் பிள்ளையும் பார்த்திருக்கிற அந்த முடிச்சுமுடிச்சான சுருளைத்தான் கணக்காக எழுதினார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குழந்தைகள் கையில் இருந்த பொம்மையின் இயற்பியலை உட்கார்ந்து எழுதுவதற்கு இவ்வளவு காலம் ஆனது ஆச்சரியம்தான்.

மனு பிரகாஷ் படித்தது கான்பூர் ஐஐடி. அதே கான்பூர் ஐஐடியில் அவருக்கு ஒரு தலைமுறைக்கு முன்னால் மின்பொறியியல் படித்தவர் அரவிந்த் குப்தா. லாரி செய்யும் டெல்கோ கம்பெனியில் வேலையில் இருந்தவர், 1978இல் விடுப்புப் போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். அங்கே 1972 முதல் கிராமப் பள்ளிகளில் சோதனை செய்து அறிவியல் கற்பிக்கிற முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஊர்ச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்டியூப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, அதன் இரு முனையிலும் தீக்குச்சிகளைச் செருகினார். மூட்டு கிடைத்துவிட்டது. மூன்று குச்சியை இணைத்தால் முக்கோணம். எப்படி அமுக்கினாலும் உருக்குலையாது. நான்கை இணைத்தால் சதுரம்; தொட்டவுடன் சரிந்து சாய்சதுரமாகும். மின்கம்பக் கோபுரமும் ரயில் பாலமும் ஏன் முக்கோணம் முக்கோணமாக நிற்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அவருடைய முதல் புத்தகமே இந்தத் தீக்குச்சி மாதிரிகளைப் பற்றியதுதான். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் பக்கம் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் 'துளிர்' சிறுவர் இதழைத் தொடங்கியது. 2022இல் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை தொடங்கிய வானவில் மன்றமும் செய்து பார்த்துக் கற்பது என்ற இந்த வழியில் வந்ததுதான். ஆனால் மன்றத்து வகுப்பு முடிந்தபின் பிள்ளை எங்கே போகும்? தெருவுக்கு. சோதனை அங்கேதான் தொடர வேண்டும்.

வீணான பொருளில் விளையாட்டுச் செய்வது புதுப் பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கீழடி அகழாய்வில் வட்டச் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. உடைந்த மண்பானை ஓட்டை எடுத்து, ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்கியவை. பானை உடைந்தால் வீட்டில் திட்டு, தெருவில் பாண்டி ஆட்டம்! இன்றும் பாண்டிக்குச் சில்லு தேடுகிற பெண்பிள்ளை உருண்டைக் கல்லைத் தொட மாட்டாள். தட்டையான ஓட்டுத் துண்டைத்தான் எடுப்பாள். கட்டத்தில் விழுந்த பிறகு உருளாமல் நிற்க வேண்டும். காலால் தள்ளும்போது வழுக்கிக்கொண்டும் போக வேண்டும். உராய்வு குறைந்தாலும் குற்றம், கூடினாலும் குற்றம். ஓரத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து அவள் சரிசெய்வது அதைத்தான்.

சுழற்சிக்கு வெளியேயும் நிறைய இருக்கிறது. தீப்பெட்டி டெலிபோனில் நூல் விறைப்பாக இருக்க வேண்டும், நடுவில் யாரும் தொடக் கூடாது. தொட்டால் அதிர்வு அங்கேயே செத்துவிடும். பனையோலைக் காற்றாடிக்குக் கருவேல முள்ளே அச்சு. கந்தல் துணியைச் சுருட்டி, பழைய சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி மேலே மாட்டினால் ஏழு கல் ஆட்டத்துக்குப் பந்து. துணி அடியின் வேகத்தை வாங்கிக்கொள்வதால் முதுகில் பட்டாலும் பெரிதாக வலிக்காது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை எழுதலாம்.

உண்டிவில்லை வேண்டுமென்றேதான் விட்டேன். டியூப் ரப்பரில் ஆற்றல் சேமிப்பதற்கு அது நல்ல உதாரணம், மறுக்கவில்லை. ஆனால் அணிலுக்கும் குருவிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கண்ணுக்கும் அது ஆபத்து.

எதை எடுக்கக் கூடாது என்பதிலும் பெரியவர்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். விவசாய மாவட்டத்தில் வரப்போரம் கிடக்கும் பூச்சிமருந்து டப்பாவும் புட்டியும் எத்தனை முறை கழுவினாலும் விளையாட்டுக்கு ஆகாது. உடைந்த டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. ஊசி போட்ட சிரிஞ்சு, பெயின்ட் டப்பா, வீங்கிப்போன பேட்டரி எதையும் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். டயரை ஓட்டுவது கண்மாய்க்குள்ளும் களத்திலும் இருக்கட்டும், தார்ச்சாலையில் வேண்டாம்.

கடைசியாக, மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. இவ்வளவு நேரம் பேசிய டயரும், வீட்டோரம் கிடக்கும் கொட்டாங்குச்சியும் பிளாஸ்டிக் டப்பாவும்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் பிடித்த இடம். நல்ல தண்ணீர் கொஞ்சம் தேங்கினால் போதும், ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். முட்டை காய்ந்துபோனாலும் பல மாதம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஏடிஸ் வகையைச் சேர்ந்த ஆசியப் புலிக்கொசு, 1980களில் ஆசியாவிலிருந்து கப்பலில் போன பழைய டயர்களுக்குள் இருந்துதான் அமெரிக்காவில் குடியேறியது. டயரை எப்படித் திருப்பிப் போட்டாலும் உள்வளைவில் தண்ணீர் நிற்கும். அதனால் ஐப்பசி மழைக்கு முன் விளையாட்டு டயர்களில் சாண் இடைவெளிக்கு ஒரு துளை போடுங்கள், அல்லது தாழ்வாரத்தில் ஆணியடித்து மாட்டுங்கள். கொட்டாங்குச்சியிலும் அடியில் ஒரு துளை இருக்கட்டும். உடைந்ததையும் வேண்டாததையும் மழைக்கு முன்பே அப்புறப்படுத்திவிடுங்கள்.